சொகுசு காரின் டெயில் லைட்டில் டிக்கிப் பகுதி மட்டும் ஏன் மங்கலாகத் தெரிகிறது?

பெரும் விலை கொடுத்து வாங்கிய காரில், பின்விளக்கின் டிக்கிக் கதவிலுள்ள பாதி, உடற்பகுதியிலுள்ள பாதியைவிட மங்கலாக எரிகிறது என்றும், இது பழுதா அல்லது வடிவமைப்பே அப்படித்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். திருவொற்றியூரில் வசிப்பவன், வாகன விளக்குகளின் ஒளிச்சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரு பக்கங்களிலும் கதவிலுள்ள உள்பாதி ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது பெரும்பாலும் வடிவமைப்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் பழுது. காருக்கு நேர் பின்னால், பத்து மீட்டர் தள்ளி நின்று பார்க்க வேண்டும். உடற்பகுதியிலுள்ள வெளிப்பாதி பக்கவாட்டிலும் தெரியும்படி வளைந்து அமைவதால், ஓரத்தில் நின்று பார்ப்பவருக்குச் சரியான விளக்குகூட ஏற்றத்தாழ்வாகத் தோன்றும். எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையே பைக்கில் ஊர்ந்து செல்கிறவர்கள் காண்பது பெரும்பாலும் இந்த ஓரப் பார்வையைத்தான்.

இனி வடிவமைப்புக்கு வருவோம். விதிமுறைகள் அளப்பது, குறிப்பிட்ட கோணங்களில் விளக்கு எத்தனை காண்டெலா (ஒரு திசையில் செல்லும் ஒளியின் செறிவை அளக்கும் அலகு) ஒளியை அனுப்புகிறது என்பதையே. ஐ.நா. விதிமுறைப்படி டெயில் லைட்டுக்கு நேர் பின்திசையில் குறைந்தது 4 காண்டெலாவும், பிரேக் லைட்டுக்கு 60 காண்டெலாவும் வேண்டும். நம் நாட்டு வாகனத் துறைக்கான ஏஐஎஸ் தரநிலைகளும் பெரிதும் அதையொட்டியவை. விளக்கின் பரப்பு முழுவதும் ஒரே சீராக ஒளிர வேண்டும் என்று அவை கேட்பதில்லை. நம் கண்ணோ பரப்பின் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எடைபோடுகிறது. ஆகவே சட்டத்தின் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கிய விளக்கு, உரிமையாளரின் கண்ணில் தோற்றுப்போவதில் வியப்பில்லை.

டிக்கிக் கதவு திறந்திருக்கும்போதும் பின்விளக்கு பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும் என்பதால், பல கார்களில் கட்டாயப் பணியை உடற்பகுதி விளக்கே சுமக்கிறது. கதவிலுள்ள துண்டு அழகுக்கான நீட்சியாகவே இருந்துவிடுகிறது. ஆடி க்யூ5 போன்ற கார்களில் முழு விளக்கையும் கதவிலேயே வைத்துவிட்டு, கதவு திறந்தால் எரிவதற்கென்று பம்பரில் தனி விளக்குகளைப் பொருத்தினார்கள். அந்தச் செலவை ஏற்காத நிறுவனம் வெளிச்சத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. கதவில் ஆழமும் குறைவு. எல்இடியின் புள்ளி ஒளி பரவிக் கலப்பதற்கு லென்சுக்குப் பின்னால் இடைவெளி தேவை. அது கிடைக்காதபோது ஒளிக்குழாயை, அதாவது ஒளியைத் தன்னுள்ளே கடத்திச் செல்லும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தண்டை, பயன்படுத்துகிறார்கள். ஒரு முனையில் நுழையும் ஒளி வழியெங்கும் கசிந்தபடியே போவதால், அந்தக் கசிவு துல்லியமாகக் கணக்கிடப்படாவிட்டால் மறுமுனை மங்கிவிடும். ஓட்டை விழுந்த சொட்டுநீர்க் குழாயின் கடைசித் துளையில் வரும் தண்ணீரைப் போலத்தான் இதுவும்.

காரின் அகலம் முழுக்க ஓடும் ஒளிப்பட்டை மோகம் வந்த பிறகு இந்தக் குறை கூடியிருக்கிறது என்பது என் கருத்து. பட்டை நீளும்போது இரு பக்க உடற்பகுதியிலும் நடுவே கதவிலும் உள்ள மூன்று தனித்தனி விளக்குகள் ஒன்றாகத் தெரிய வேண்டியிருக்கிறது. எல்இடிகள், ஒரே அளவு பிரகாசம் உள்ளவையாகப் பிரித்த தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும், வெப்பமும் ஒரே சீராக வெளியேற வேண்டும். சிவப்பு எல்இடிகள் சூடேறினால் கணிசமாக மங்கும். சென்னை வெயிலில் நின்ற காரில் இது கூடுதலாகத் தெரியலாம். பரப்பே சீராக ஒளிரும் ஓஎல்இடி விளக்குகள் 2016 வாக்கிலேயே பிஎம்டபிள்யூ, ஆடி கார்களில் வந்துவிட்டன. விலை அதிகம் என்பதால், காரின் விலை உயர்ந்தது என்ற ஒரே காரணத்துக்காக அவை இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒரு பக்கம் மட்டும் மங்கலென்றால், கதவுக்குச் செல்லும் வயர்க்கட்டை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது மடங்குவதால் உள்ளே இழை அறுபடும். அடுத்தது எர்த் இணைப்பு. எண்ணூர், காசிமேடு பக்கம் கடற்காற்றில் நிற்கும் கார்களில் அந்த இணைப்பும் சாக்கெட்டும் பச்சை பூத்துப்போவது வழக்கம். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் ஓட்டியிருந்தால், பம்பரிலுள்ள விளக்குக்குள் ஈரம் இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சர்வீஸ் சென்டரில் "இந்த மாடலே இப்படித்தான்" என்று சொன்னால், அதே மாடலின் இன்னொரு காரைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுக் காட்டும்படி கேளுங்கள். போனில் எடுத்த படத்தை மட்டும் சான்றாகக் கொடுக்க வேண்டாம். பல எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிவதால், உண்மையில் இல்லாத ஏற்றத்தாழ்வும் கேமராவில் பதிவாகும்.