‘கம்பெனிக்கு போன் போடுங்க!’

தெருமுனை எலக்ட்ரானிக்ஸ் கடையில் சர்வீஸ் கவுன்டரில் 18 வருடம் உட்கார்ந்தவன் நான். திட்டு வாங்கியும் இருக்கிறேன், திட்டியும் இருக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்குமேல் ஒரே புலம்பல்தான்: ‘விற்கும்வரை அண்ணன், விற்றபிறகு அந்நியன்.’

வாங்கி எட்டாவது நாளே வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. கடைக்காரர், ‘எங்களுக்குச் சம்பந்தமில்லை, கம்பெனிக்கு போன் போடுங்க’ என்கிறார். சரியா? – வாசகி, மதுரை

பாதி சரி. ரிப்பேர் பார்ப்பது கம்பெனி டெக்னீஷியன்தான். ஆனால் சம்பந்தமில்லை என்று கடைக்காரர் சொல்ல முடியாது. பணம் வாங்கி பில் போட்டவர் அவர்.

முதலில் கம்பெனியில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டெக்னீஷியன் வந்தால் வாயால் சொல்லிவிட்டுப் போக விடாதீர்கள். என்ன கோளாறு என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். வாங்கிய சில நாட்களுக்குள் பழுதான பொருளை மாற்றித் தர, அந்தத் தாள் இருந்தால்தான் கடைக்காரர் கம்பெனியிடம் பேச முடியும். அது இல்லாமல் அவரிடம் கத்தினால் அவரும் கத்துவார், அவ்வளவுதான்.

அதற்கும் மசியவில்லையா? குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் போட்ட கெடுவுக்குள் தர வேண்டும். கெடு போடவில்லை என்றால் 30 நாள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து பயப்பட வேண்டாம். ஆனால் இது பழுதான பொருளுக்குத்தான். கலர் பிடிக்கவில்லை என்று போய் நின்றால் கடைக்காரர் மனது வைக்க வேண்டும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்ச ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமே இல்லை. பிரச்சினை தொடங்கி 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

பில் வேண்டாம் என்றால் 800 ரூபாய் குறைப்பதாகக் கடைக்காரர் சொன்னார். வாங்கலாமா? – வாசகர், தஞ்சாவூர்

வேண்டாம். அவர் தரும் ‘எஸ்டிமேட்’ சீட்டை சர்வீஸ் சென்டரில் நீட்டினால் சிரிப்பார்கள். பொருளின் சீரியல் நம்பர் ஏறிய பில்தான் உங்கள் வாரண்டி.

மிக்ஸி திடீரென ஓடவில்லை. கடையில் கேட்டால், பார்க்காமலேயே ‘மோட்டார் போச்சு, 1,400 ஆகும்’ என்கிறார்கள். – வாசகி, திருநெல்வேலி

திறந்து பார்க்காமல் சொல்பவரிடம் மிக்ஸியைக் கொடுக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலான மிக்ஸிகளில் அடியில் சின்னதாக ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். கெட்டியாக மாவோ தேங்காயோ போட்டு நெடுநேரம் ஓட்டினால், மோட்டார் எரியாமல் இருக்க அதுவே துள்ளி வெளியே வந்து மின்சாரத்தை வெட்டிவிடும். கால் மணி நேரம் ஆறவிட்டு உள்ளே அழுத்துங்கள், ஓடும். தீபாவளிக்கு முந்தைய வாரம் இந்தப் பொத்தானை அழுத்திக் கொடுத்தே எனக்கு விரல் வலிக்கும். காசு வாங்கியதில்லை.

மோட்டார் சத்தம் வருகிறது, பிளேடு மட்டும் சுற்றவில்லை என்றால் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர் தேய்ந்திருக்கும். சின்னச் செலவுதான். கருகிய வாசனை வந்திருந்தால் மட்டும் மோட்டார் பேச்சைப் பேசலாம்.

ஏசி மாட்ட வந்தவர் ஸ்டாண்டு, பைப் என்று தனியாகப் பணம் கேட்டார். ஏமாற்றுகிறாரா? – வாசகர், வேலூர்

அநேகமாக இல்லை. வெளியே மாட்டும் ஸ்டாண்டும், பெட்டியில் வருவதற்கு மேல் ஆகும் காப்பர் பைப்பும் பொதுவாகத் தனிக் கணக்கு. விற்கும்போதே கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும். கோபம் அவர்மேல் இருக்கட்டும். எத்தனை அடி பைப் போட்டார் என்று அளந்து பார்த்துப் பணம் கொடுங்கள், பில்லும் கேளுங்கள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு வாங்கிய டிவியின் பில் வெள்ளைத்தாளாகிவிட்டது. 3 வருட வாரண்டி என்ன ஆகும்? – வாசகர், சேலம்

அது வெப்பத்தில் அச்சாகும் தாள், தானாகவே மங்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்யக் கொடுத்தார் என் வாடிக்கையாளர் ஒருவர். சூட்டில் முழுத்தாளும் கருப்பாகித் திரும்பி வந்தது! வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்துவிட வேண்டும். இப்போது, வாங்கிய தேதியையும் பில்லில் கொடுத்த போன் நம்பரையும் கடையில் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் பில் என்றால் தேடி மறுபடி அச்செடுத்துத் தருவார்கள். கூட்டமில்லாத மத்தியான நேரமாகப் பார்த்துப் போங்கள்.