வயிற்றுத் தொந்தரவே இல்லாமல் எலும்பு மட்டும் பலவீனமானால் அது சீலியாக் நோயாக இருக்குமா?

இருக்கலாம். பேதி, உப்புசம் எதுவுமே இல்லாமல், இடுப்பு வலி, படியேறும்போது தொடையில் தெம்பின்மை, லேசாகத் தடுக்கி விழுந்ததற்கே எலும்பு முறிவு என்று மட்டும் இது தலைகாட்டுவது உண்டு.

சீலியாக் நோயில், கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதத்துக்கு எதிராக நோய் எதிர்ப்பாற்றல் கிளம்பும்போது, சிறுகுடலின் உள்பக்கம் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும், அப்புறம் கால்சியமும் வைட்டமின் டியும் சாப்பிட்டாலும் சரியாக உடலில் சேராது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் கூடி, எலும்பிலிருந்தே அதை உருவி எடுக்கும்.

மாத்திரை விழுங்கியும் வைட்டமின் டி ஏறவில்லை, கூடவே ரத்தசோகையும் இருக்கிறது என்றால் தயவுசெய்து டாக்டரிடம் சீலியாக் நோயைக் கண்டறிய உதவும் டிடிஜி-ஐஜிஏ (tTG-IgA) ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வந்துவிடலாம். உறுதியானால் ஆயுசுக்கும் குளூட்டனை விட வேண்டும். எலும்பு தேற மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள்கூட.