டேப்பும் கையுமாகப் படிக்க வேண்டிய வடிவமைப்புப் புத்தகங்கள்: கேள்வி பதில்

கேள்வி: சார், பி.ஆர்க் (கட்டடக்கலை) முதலாண்டு படிக்கிறேன். சீனியர்கள் ஃபிரான்சிஸ் சிங்கின் இரண்டு புத்தகங்களையும் வாங்கச் சொல்கிறார்கள். இரண்டும் வேண்டுமா?

பதில்: 'ஆர்க்கிடெக்சர்: ஃபார்ம், ஸ்பேஸ் அண்ட் ஆர்டர்' (1979) மட்டும் வாங்குங்கள். தினம் ஒரு பக்கத்தை ஸ்கேல் இல்லாமல் பென்சிலில் பார்த்து வரையுங்கள். டிரேசிங் ஷீட் வைத்து எடுத்தால் கை பழகும், விகிதம் கண்ணில் நிற்காது. 'பில்டிங் கன்ஸ்ட்ரக்‌ஷன் இல்லஸ்ட்ரேட்டட்' நூலகத்தில் பார்த்தால் போதும். அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கட்டுமான முறை, மரச்சட்டச் சுவர்கள் நிறைய வரும். செங்கல் வேலைக்கு மெக்கே எழுதிய கட்டுமானப் புத்தகத்தின் பழைய தொகுதிகள் இன்றும் தெளிவானவை.

கேள்வி: நாய்ஃபர்ட் புத்தகத்தில் இருக்கும் சமையல் மேடை உயரத்தை அப்படியே பிளானில் போடலாமா?

பதில்: கூடாது. எர்ன்ஸ்ட் நாய்ஃபர்ட் 1936இல் ஜெர்மனியில் வெளியிட்ட கையேடு அது. உடல் அளவும் செங்கல் அளவும் அந்த ஊருடையவை. ஓர் அறையில் என்னென்ன சாமான் வரும், அதைச் சுற்றி நடமாட எவ்வளவு இடம் விட வேண்டும் என்று பார்க்க அதைப் போல வேறு புத்தகம் இல்லை. உயரங்களை மட்டும் நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

சமைப்பவரை நேராக நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 முதல் 6 அங்குலம் கழியுங்கள். 5 அடி உயரமுள்ள ஒருவருக்கு 32 முதல் 34 அங்குலத்துக்குள் வரும். நறுக்கவும் மாவு பிசையவும் அந்த உயரம் சரி. அடுப்பு மேடைமேல் உட்காரும்போது பாத்திரம் இன்னும் 4 அங்குலமாவது ஏறும். அதனால் அடுப்புப் பகுதியை மட்டும் 3, 4 அங்குலம் தாழ்த்தலாம்.

தவறு பெரும்பாலும் வேலை நடக்கும் இடத்தில்தான் வரும். மேஸ்திரி டைல்ஸ் போடாத தரையிலிருந்து 33 அங்குலம் அளந்து சுவர் எழுப்பிவிடுவார். பிறகு கலவையும் டைல்ஸும் சேர்ந்து தரை 2 அங்குலம் உயரும், மேடை 31 ஆகிவிடும். "டைல்ஸ் மேல்மட்டத்திலிருந்து கிரானைட் மேல்மட்டம் வரை" என்று வரைபடத்தில் எழுதியே கொடுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் லு கார்பூசியேவின் மாடுலர் அளவுகள்?

பதில்: ரசிக்கலாம். மனித உடலை வைத்து அந்தக் கட்டடக் கலைஞர் உருவாக்கிய அளவு முறை அது. முதலில் 1.75 மீட்டர் மனிதனை வைத்துத் தொடங்கி, பிறகு 1.83க்கு மாற்றினார். ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் வரும் போலீஸ்காரர் ஆறடி இருப்பார் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இதை வைத்து நம் வீட்டு அலமாரிக்கு உயரம் எடுக்க வேண்டாம்.

கேள்வி: 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்' ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: நடுவில் தொடங்குங்கள். கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் குழுவினரும் 1977இல் கொண்டுவந்த இந்தப் புத்தகத்தில் 253 பேட்டர்ன்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் வடிவமைப்புச் சிக்கலும் அதற்கான தீர்வும். ஊர், தெரு, வீடு, ஜன்னல் என்று பெரியதிலிருந்து சிறியதுக்கு இறங்கும். தலைப்பின் பக்கத்தில் இரண்டு நட்சத்திரம் இருந்தால் அதில் ஆசிரியர்களுக்கு உறுதி உண்டு, ஒன்று இருந்தால் பாதி உறுதி, இல்லாவிட்டால் அது யூகம். இந்த நேர்மை எத்தனை வடிவமைப்புப் புத்தகத்தில் இருக்கிறது?

167ஆம் பேட்டர்னை எடுங்கள். ஆறடிக்குக் குறைந்த அகலமுள்ள பால்கனியை யாரும் பயன்படுத்துவதில்லை என்கிறது. மொட்டைமாடியில் சாக்பீஸால் கோடு போட்டுச் சோதித்துப் பாருங்கள். நாற்காலிக்கு 2 அடி, கால் நீட்ட 1½, பின்னால் ஒருவர் கடக்க 2. கைப்பிடிச் சுவரைச் சேர்க்காமலே 5½ வந்துவிட்டது. நாலடி பால்கனி துணி காயப்போடும் இடமாக மாறுவது இதனால்தான்.

159, ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பக்க வெளிச்சம் கேட்கிறது. இங்கே கவனம் வேண்டும், எழுதியவர்கள் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருந்தவர்கள். நமக்கு இரண்டாவது ஜன்னல் மேற்கில் விழுந்தால் மாலையில் அறை கொதிக்கும். வடக்கும் தெற்கும் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கும் மனையில் சின்ன முற்றம் ஒன்றை உள்ளே விட்டு அதிலிருந்து வெளிச்சம் எடுங்கள்.

கேள்வி: குறைந்த செலவு வீடுகளுக்குப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கையேடுகளைப் பார்த்து எலிப்பொறிக் கட்டு போட ஆசை. எங்கள் மேஸ்திரி வேண்டாம் என்கிறார்.

பதில்: அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. பேக்கர் கையாலேயே எழுதி வரைந்த அந்தச் சின்னப் புத்தகங்கள் எளிமையாகத் தெரியும், வேலை அவ்வளவு எளிதல்ல. செங்கலைப் படுக்கப் போடாமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டு 9 அங்குலச் சுவர் கட்டுவது இது. செங்கல் சுமார் கால் பங்கு மிச்சமாகும், வெயில் உள்ளே இறங்குவதும் குறையும்.

கெடுவது மூன்று இடங்களில். செங்கல் ஒரே அளவில் இல்லாவிட்டால் வரிசை கோணும், ஆகவே சூளையிலேயே பொறுக்கி எடுங்கள். வெற்றிடத்துக்குள் கலவை விழுந்தால் இடைவெளி அடைபட்டு வெப்பத் தடுப்பு போய்விடும். கட்டும்போது அதன்மேல் ஒரு பலகைத் துண்டை வைத்து நகர்த்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். பிறகு ஒயரிங்: கட்டிய சுவரைக் குடைந்தால் நிற்கும் செங்கல் உடையும், பைப்பைக் கட்டும்போதே உள்ளே விட்டுவிட வேண்டும். அடி வரிசை, ஜன்னல் அடி, கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல், கூரைக்குக் கீழ் வரிசை, கதவு ஜன்னல் ஓரங்கள் எல்லாம் திடமாகவே இருக்கட்டும். மேஸ்திரியிடம் முதலில் காம்பவுண்டுச் சுவரில் ஒரு துண்டு கட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் கிராஃபிக் டிசைனர். ஜோசப் ஆல்பர்ஸின் 'இன்டராக்‌ஷன் ஆஃப் கலர்' வாசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

பதில்: 1963இல் வந்த அது ஒரு பயிற்சிப் புத்தகம், கத்தரி இல்லாமல் திறந்தால் பயனில்லை. ஒரே நிறத் தாளில் இரண்டு சின்னத் துண்டுகளை வெட்டி, இரண்டு வேறு நிறப் பெரிய தாள்களின் நடுவில் வையுங்கள். துண்டுகள் இரண்டு நிறமாகத் தெரியும்வரை அடித்தாளை மாற்றிக்கொண்டே இருங்கள். பெயின்ட் வேண்டாம், ஒவ்வொரு முறை கலக்கும்போதும் நிறம் கொஞ்சம் மாறும். பளபளப்புத் தாளும் வேண்டாம், விளக்கொளி அதில் பட்டுத் தெறித்து ஏமாற்றும்.

கேள்வி: அச்சுக்கலைப் புத்தகத்தில் ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் சொல்லும் வரிக்கு 66 எழுத்து தமிழுக்குப் பொருந்துமா?

பதில்: ஆங்கிலம் போன்ற மொழிகளின் லத்தீன் எழுத்துக்குச் சொன்ன கணக்கு அது. 'கொ' நமக்கு ஓர் எழுத்து, அகலமோ மூன்று உருவுக்கு. சொல்லை எண்ணுங்கள், புத்தகப் பக்கத்தில் வரிக்கு ஆறிலிருந்து எட்டுச் சொல் வசதி. இரு பக்கமும் நேராக்கினால் நீண்ட சொற்களால் நடுவில் பொத்தல் விழும், அங்கே இடதுபக்கம் மட்டும் நேராக விடுங்கள். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்டுங்கள். மேல்வரி 'மூ'வின் வாலும் கீழ்வரி 'கீ'யின் சுழியும் உரசாத இடம்தான் அளவு.