அமெரிக்காவில் வாங்கிய மோட்டார்ஹோமை ஒன்ராறியோவில் பதிவது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்போடு ஓடும் வீட்டு வண்டி) மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிக் கனடாவுக்குக் கொண்டுவந்து பதிவது கஷ்டமா?

பதில்: கஷ்டம் இல்லை. ஆனால் எதை எதற்கு முன் செய்வது என்பது தெரியாவிட்டால் நாய்படாத பாடு. 2018இல் நானும் மச்சானும் பென்சில்வேனியாவில் ஒருவரிடம், போர்ட் கம்பனியின் ஈ-450 சேஸிஸில் (எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம்) கட்டிய நாலு வருடப் பழசு ஒன்றை 38,000 அமெரிக்க டொலருக்கு வாங்கி ஸ்காபரோவுக்குக் கொண்டுவந்தோம். பதிவுக் கந்தோரில் நின்றது அரை மணித்தியாலம்தான். அதற்கு முன் நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

எல்லாரும் கனடாச் சுங்கத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். எங்களை மறித்தது அமெரிக்கப் பக்கம். ஒரு வாகனம் அந்த நாட்டை விட்டு ஒரேயடியாகப் போவதென்றால், எல்லையைக் கடப்பதற்குக் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன் அதன் டைட்டிலும் (உரிமைப் பத்திரம்) மற்றக் கடதாசிகளும் நீங்கள் கடக்கப்போகும் எல்லைப் பாலத்திலுள்ள அமெரிக்க ஏற்றுமதிக் கந்தோருக்குப் போய்ச் சேர வேண்டும். அதோடு மின்னணு ஏற்றுமதிப் பதிவும் செய்து ஓர் இலக்கம் எடுக்க வேண்டும். நாங்கள் ஒரு புரோக்கருக்குக் காசு கொடுத்துச் செய்வித்தோம். 72 மணி நேரத்தைச் சரியாக எண்ணினோம். எண்ணி முடிந்த நாள் சனிக்கிழமை என்பதைத்தான் பார்க்கவில்லை. போனால் கந்தோர் பூட்டு. திங்கள் காலை வரை பஃபலோவில் ஒரு கடையின் வாகனத் தரிப்பிடத்தில் அனுமதி கேட்டு நின்றோம். வீடு கையோடு இருந்தது நல்லதாய்ப் போயிற்று. மச்சான் அந்தக் குட்டி அடுப்பில் பருப்பும் சோறும் வைத்தார். திங்கட்கிழமை வண்டியைப் பார்த்து, டைட்டிலில் முத்திரை குத்தித் தந்தார்கள். அந்த முத்திரை இல்லாமல் பாலம் ஏறிவிடாதீர்கள்.

கனடாப் பக்கம் ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. இறக்குமதிப் படிவம் 1ஐ நிரப்பித் தந்தார்கள். அன்றைய நாணய மாற்றில் விலை 49,000 கனடா டொலருக்குச் சற்று மேலே வந்தது. அதற்கு 5% ஜி.எஸ்.டி. (மத்திய அரசின் விற்பனை வரி), குளிரூட்டிக்கு 100 டொலர் கலால் வரி. வின் இலக்கம் (வண்டியின் அடையாள எண்) 1இல் தொடங்கியது, அதாவது அமெரிக்காவில் செய்தது; அதனால் 6.1% சுங்க வரி விழவில்லை. ஐரோப்பியச் சேஸிஸில் கட்டிய வண்டி என்றால் இதை முன்கூட்டியே கேளுங்கள். இன்னொன்று: 2025 ஏப்ரலில் அமெரிக்க வாகனங்களுக்குக் கனடா 25% பதில் வரி போட்டது. எங்கள் காலத்தில் அது இல்லை. வாங்கும் நாளில் உங்கள் வண்டிக்கு எவ்வளவு விழும் என்று சுங்கத்திடம் கேட்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். மலிவு என்ற கணக்கே மாறிவிடும்.

இனி ஆர்.ஐ.வி. என்கிற வாகன இறக்குமதிப் பதிவகம். கொண்டுவந்த வண்டி கனடா விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது இதுதான். இங்கேதான் மோட்டார்ஹோம் காரிலிருந்து வேறுபடுகிறது. சேஸிஸ் ஒரு கம்பனி, மேலே வீட்டைக் கட்டியது இன்னொரு கம்பனி. திருத்தப்படாத ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பனி வண்டியைத் திருப்பி அழைப்பது) எதுவும் இல்லை என்ற கடிதத்தை இரண்டு பேரிடமும் எடுத்தோம். சாரதி கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கரும் இரண்டு இருக்கும். வீடு கட்டிய கம்பனியின் ஸ்டிக்கரில், அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் எல்லாவற்றுக்கும் வண்டி பொருந்துகிறது என்ற வரி இருக்க வேண்டும். எங்களுடையது சீட் பெல்ட் உரசி உரசி ஒரு மூலை கிழிந்திருந்தது. மச்சான் விலை பேசுவதை விட்டுவிட்டு போன் வெளிச்சத்தில் அந்த வரியை எழுத்துக்கூட்டி வாசித்தார். விற்றவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும்.

எல்லை கடந்ததிலிருந்து 45 நாளுக்குள் ஆர்.ஐ.வி. பரிசோதனை முடிய வேண்டும். நாங்கள் முதலில் போன இடத்தில் கராஜ் கதவு பத்தடி, எங்கள் வண்டி குளிரூட்டியோடு பதினொரு அடிக்கு மேல். வாசலில் நின்றே திரும்பினோம். இடம் எடுக்கும்போது உயரத்தைச் சொல்லி எடுங்கள். கனடாவில் பகலிலும் முன்விளக்கு தானாக எரிய வேண்டும். எங்கள் வண்டியில் எரியவில்லை, ஒரு கராஜில் கொடுத்துச் சரிசெய்தோம். திருட்டுத் தடுப்பு இமொபிலைசர் வேண்டும் என்று பலர் வெருட்டினார்கள். அந்த விதி மொத்த எடை வரம்பு 4,536 கிலோவுக்குள் உள்ள வண்டிகளுக்குத்தான், ஈ-450 அதைத் தாண்டியது.

கடைசியாக சர்வீஸ் ஒன்ராறியோ என்கிற மாகாணப் பதிவுக் கந்தோர். முத்திரை குத்திய படிவம் 1, ஆர்.ஐ.வி. பரிசோதனை முடிந்த படிவம் 2, டைட்டில், விற்பனைச் சீட்டு, காப்புறுதி, சேஃப்டி சான்றிதழ் (வண்டி ஓடத் தகுதியானது என்று கராஜ் தருவது) எல்லாம் வேண்டும். சேஃப்டி 36 நாளுக்குத்தான் செல்லும் என்பதால் அதை முந்தி எடுத்து வைக்காதீர்கள். இங்கேயும் காசு இருக்கிறது: எல்லையில் எடுக்காத மாகாண வரி 8%. எங்களுக்கு 4,000 டொலருக்குக் கிட்ட. மச்சான் அதை மறந்தே போயிருந்தார். என் கார்டில்தான் போனது, இன்னும் பாதி வர வேண்டும்.

வண்டி செய்து 15 வருடம் தாண்டியிருந்தால் ஆர்.ஐ.வி. தேவையில்லை. ஆனால் மொடல் வருடத்தை வைத்து எண்ணாதீர்கள், கதவுத் தூணில் அச்சிட்ட மாதத்திலிருந்து எண்ணுங்கள். அமெரிக்கப் பக்கத்து 72 மணி நேரமும் வரிகளும் அப்போதும் உண்டு. சால்வேஜ் (பெருஞ்சேதத்தால் கழித்துவிட்ட வண்டி) என்று முத்திரை விழுந்த டைட்டில் என்றால், எவ்வளவு மலிவென்றாலும் நான் தொடமாட்டேன்.