பல வருடமாக எக்ஸிமா அரிப்பு. மருந்து போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. என்ன செய்வது?

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மருந்து வேலை செய்கிறது. திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: மாய்ஸ்சரைசர் போதாமல் பூசுவது, ஸ்டீராய்டு க்ரீமைப் பாதியில் சட்டென்று நிறுத்துவது. டாக்டரை மாற்றும் முன் இந்த இரண்டையும் சரிசெய்து பாருங்கள்.

அதற்கும் முன்னால், இது எக்ஸிமாதான் என்பது உறுதியாக வேண்டும். முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து, கண் இமை ஆகிய இடங்களில் சின்ன வயதிலிருந்தே வந்து வந்து போகிறது, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ அடுக்குத் தும்மலோ உண்டு என்றால் எக்ஸிமாவாக இருக்க வாய்ப்பு அதிகம். தொடை இடுக்கிலோ இடுப்பிலோ வட்டமாக ஆரம்பித்து, நடுவில் தெளிந்து, ஓரம் மட்டும் தடித்துச் செதில் விட்டுப் பரவுவது படர்தாமரை. விரல் இடுக்கிலும் தொப்புளைச் சுற்றியும் ராத்திரியில் உயிர் போகிற மாதிரி அரித்து, வீட்டில் இன்னொருவரும் சொறிந்தால் அது ஸ்கேபிஸ், அதாவது சொறி சிரங்கு. கொசு கடித்தது போலத் தடித்து, 24 மணி நேரத்துக்குள் சுவடே இல்லாமல் மறைந்து வேறு இடத்தில் கிளம்புவது அர்ட்டிகேரியா. நான்குக்கும் மருந்து வேறு வேறு.

இந்தப் பிரிவினையில் கோட்டைவிடுவதால் வரும் சேதம் நம் ஊரில் மிக அதிகம். மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒரு ட்யூப்" என்று கேட்டால் கையில் கிடைப்பது பல சமயம் கலவை க்ரீம்: க்ளோபெட்டசால் என்ற மிக வீரியமான ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சைக்கொல்லி, ஒரு ஆன்டிபயாட்டிக், மூன்றும் ஒன்றாக. படர்தாமரை மேல் இதைப் பூசினால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கும். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அமுக்கிவிடுவதால் பூஞ்சை அடியில் அகலமாகப் பரவும், வட்ட வடிவமும் கலைந்துபோகும். பிறகு பார்க்கும் டாக்டருக்கே குழப்பம். 2018இல் மத்திய அரசு பூசும் ஸ்டீராய்டுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. கடைகளில் நிலைமை உங்களுக்கே தெரியும். சந்தேகம் இருந்தால் செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கே.ஓ.எச். பரிசோதனை கேளுங்கள், எளிய பரிசோதனைதான்.

எக்ஸிமாதான் என்று உறுதியானால், அடிப்படைக் கோளாறு தோலின் மேலடுக்கில். ஈரத்தைப் பிடித்துவைக்க உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதம் பலருக்குப் பிறவியிலேயே குறைவு. இந்த மரபணுத் தொடர்பு 2006இல் கண்டறியப்பட்டது. ஈரம் வெளியே போகிறது, வியர்வை உப்பும் சோப்பும் தூசியும் உள்ளே போகின்றன, அரிக்கிறது, சொறிகிறோம், மேலடுக்கு இன்னும் கிழிகிறது. ஆகவே அரிப்பு இல்லாத நாளிலும் அடைக்க வேண்டிய ஓட்டை இது.

குளியல் 5 முதல் 10 நிமிடம் போதும். வெதுவெதுப்பு கூடத் தேவையில்லை. சென்னை, மதுரை வெயிலில் குழாய்த் தண்ணீரே சரி. சுடுதண்ணீர் ஊற்றும்போது அரிப்புக்குச் சுகமாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் இன்னும் அதிகமாகத் திரும்பும். சாதாரண சோப்பின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 9, 10 வரை போகும். தோலுக்கு உகந்தது 5ஐ ஒட்டியது. அதனால் வாசனை இல்லாத சிண்டெட் பார் (காரம் குறைந்த, சோப்பு அல்லாத குளியல் கட்டி) வாங்கி, அக்குள், தொடை இடுக்கு, பாதத்துக்கு மட்டும் போடுங்கள். கை கால் முழுக்க நுரை தேய்க்க வேண்டியதில்லை. குளிக்கும் தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது எரிச்சலைத்தான் கூட்டும். போர் தண்ணீர் கடினமாக இருக்கிறது என்று ஆயிரக்கணக்கில் செலவழித்து சாஃப்ட்னர் மாட்டும் முன் ஒன்று: இங்கிலாந்தில் குழந்தைகளிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், சாஃப்ட்னர் மாட்டியதால் எக்ஸிமா கூடுதலாகக் குறையவில்லை.

துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தோல் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர். அளவில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். பெரியவர் ஒருவருக்கு உடம்பு முழுக்க ஒரு தடவை பூச 20 முதல் 30 கிராம் பிடிக்கும். தினம் இரண்டு வேளை என்றால் வாரத்துக்கு 300 முதல் 400 கிராம். 100 கிராம் ட்யூப் ஒரு மாதம் வருகிறது என்றால் நீங்கள் மாய்ஸ்சரைசர் பூசவில்லை, தொட்டுக்கொள்கிறீர்கள். விலை கட்டுப்படியாகாது என்பவர்கள் பெரிய டப்பா வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி வாங்கலாம். அழகான பாட்டிலில் வரும் லோஷனைவிட அது நன்றாக ஈரத்தைப் பூட்டும். லோஷனில் தண்ணீர்தான் அதிகம்.

கோடையில் ஜெல்லி பிசுபிசுத்து வியர்க்குரு வரும். பகலில் க்ரீம், படுக்கப்போகும் முன் ஜெல்லி என்று பிரித்துக்கொள்ளுங்கள். ரோமம் சாயும் திசையில் நீவிப் பூச வேண்டும். எதிர்த்துத் தேய்த்தால் ரோமக்காலில் கொப்புளம் கிளம்பும். டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான ஸ்பூனால் எடுங்கள். யூரியா கலந்த க்ரீம் தடித்த பாதத்துக்கு நல்லது, வெடித்த இடத்தில் எரியும். சமைப்பவர்கள் கவனிக்க: ஜெல்லியிலும் பல க்ரீம்களிலும் இருக்கும் பாரஃபின் ஊறிய துணி சீக்கிரம் தீப்பிடிக்கும். பூசிய சட்டையோடு அடுப்பருகே நிற்காதீர்கள்; அந்தத் துணியைத் துவைத்தாலும் பிசுக்கு முழுதாகப் போவதில்லை.

தேங்காய் எண்ணெய் பற்றி எப்போதும் கேட்பார்கள். உடையாத, வறண்ட தோலுக்குத் தாராளமாகத் தடவலாம். ஆலிவ் எண்ணெய் மேலடுக்கைப் பலவீனப்படுத்தும், கடுகெண்ணெயும் வேண்டாம். எலுமிச்சை, உப்பு, வசம்பு, வேப்பிலை விழுது எல்லாம் கிழிந்த தோலில் எரிச்சல் மூட்டுபவை. "எரிந்தால்தான் குணமாகும்" என்று சொல்பவரிடம் வாதாட வேண்டாம், பூசாமல் இருந்தால் போதும்.

இனி ஸ்டீராய்டு. இதை விஷம் போலப் பார்ப்பவர்கள் பட்டாணி அளவு எடுத்து முழுக் காலுக்கும் இழுக்கிறார்கள். பயமே இல்லாதவர்கள் முகத்தில் க்ளோபெட்டசாலை மாதக்கணக்கில் பூசுகிறார்கள். அளக்க ஒரு வழி உண்டு: ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை ட்யூபைப் பிதுக்கினால் அது ஏறத்தாழ அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்துக்கு அது போதும். மணிக்கட்டு வரை ஒரு கைக்கு இப்படி மூன்று விரல், ஒரு காலுக்கு ஆறு, பாதத்துக்கு இரண்டு. தினம் ஒரு வேளை போதும். மாய்ஸ்சரைசரை முதலில் பூசுவதா பிறகா என்பது பெரிய விஷயமில்லை, நடுவில் கால் மணி நேரமாவது விடுங்கள்.

எப்போது நிறுத்துவது? அரிப்பு நின்றதும் அல்ல. கண்ணை மூடி விரலால் தடவிப் பாருங்கள். பக்கத்துத் தோல் போலவே வழவழவென்று இருக்க வேண்டும், சொரசொரப்பு இருந்தால் அடியில் அழற்சி மிச்சம் இருக்கிறது. அதற்கு வழக்கமாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதன்பிறகு, அடிக்கடி திரும்பும் இடங்களில் மட்டும் வாரம் இரண்டு நாள், உதாரணமாகப் புதனும் சனியும், தோல் நன்றாக இருந்தாலும் பூசுவது என்று ஒரு முறை உண்டு. எத்தனை மாதம், எந்த க்ரீம் என்பதை உங்கள் டாக்டர் முடிவுசெய்வார். "நிறுத்தினால் திரும்புகிறது" என்ற உங்கள் பிரச்சினைக்கு மிக நேரடியான பதில் இதுதான், ஆனால் அவசர ஓ.பி.யில் இதை விளக்க நேரம் கிடைப்பதில்லை.

முகம், இமை, அக்குள், தொடை இடுக்கில் தோல் மெல்லியது. வீரியமான ஸ்டீராய்டு அங்கே ஆகாது. ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் போல மிதமானது சில நாள், அல்லது ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் ஆயின்மென்ட் (பெரியவர்களுக்கு 0.1, இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 0.03 சதவீதம்). டாக்ரோலிமஸ் முதல் சில நாள் மிளகாய் பட்டது போல எரியும். அலர்ஜி என்று பயந்து பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். தோல் ஆற ஆற எரிச்சல் தணியும். குளித்த ஈரத்தில் பூசாமல், காய்ந்த தோலில் பூசுங்கள்.

மாநிறமும் கறுப்புமான நம் தோலில் எக்ஸிமா சிவப்பாகத் தெரியாது; சாம்பல், கரும்பழுப்பு, சில சமயம் ஊதா. ஆறிய பின் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். அந்தக் கறுப்பை நோய் என்று எண்ணி ஸ்டீராய்டைத் தொடர்வது வேண்டாத வேலை. வழவழப்பாகி அரிப்பும் இல்லையென்றால் மருந்தின் வேலை முடிந்தது, நிறம் தானாகத்தான் திரும்பும்.

ராத்திரி அரிப்பு தனிக் கொடுமை. அப்போது தோலின் சூடும் ஈர இழப்பும் கூடும், அழற்சியை அடக்க உடம்பே சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறையும், கவனத்தைத் திருப்பவும் எதுவும் இருக்காது. படுக்கையருகே நனைத்த பருத்தித் துணியும் ஃப்ரிட்ஜில் வைத்த க்ரீமும் தயாராக இருக்கட்டும். துணியை ஐந்து பத்து நிமிடம் போட்டு எடுத்ததும் க்ரீம். கை சொறியப் போகும்போது முஷ்டியை இறுக்கி 30 வரை எண்ணி, அரிப்பு அடங்காவிட்டால் அந்த இடத்தை நகத்தால் ஒரு அழுத்து அழுத்துங்கள். சொறியும் பழக்கத்தை மாற்ற சொல்லித் தரப்படும் பயிற்சி இது. நகத்தை ஒட்ட வெட்டுவது பயிற்சியைவிட எளிது. செட்டிரிசின் வகை மாத்திரைகள் அர்ட்டிகேரியாவுக்குக் கேட்கும் அளவுக்கு எக்ஸிமாவுக்குக் கேட்பதில்லை. அந்த மாத்திரைகள் தடுப்பது ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை; இந்த அரிப்பை முக்கியமாகத் தூண்டுவது அது அல்ல. தூக்கம் வரவழைக்கும் பழைய வகை மாத்திரையில் தூக்கம் மட்டுமே லாபம்.

சாப்பாட்டு விஷயத்தில், கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய், கருவாடு, மீன், முட்டை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு உடம்பு இளைத்துப்போகிறவர்கள் உண்டு. பெரியவர்களின் எக்ஸிமாவில் உணவு முக்கியக் காரணமாக இருப்பது அபூர்வம். ஒரு பொருளைச் சாப்பிட்டு ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்போ உதடு வீக்கமோ வந்தால் அதை மட்டும் நிறுத்தி டாக்டரிடம் சொல்லுங்கள். நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு "ஐ.ஜி.ஜி." என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் விலை உயர்ந்த ரத்தப் பரிசோதனை அலர்ஜியைக் காட்டாது.

நீர் வடியும் இடத்தில் க்ரீம் நிற்காது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகம் ஒன்றிரண்டை ஒரு வாளித் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, வெளிர் ரோஜா நிறத்தில் துணி நனைத்துப் பத்து நிமிடம் வையுங்கள், காய்ந்ததும் நிறுத்திவிடுங்கள். கரையாத படிகம் தோலைச் சுட்டுவிடும், நகம் பழுப்பாகும். தேன் நிறப் பொருக்கும் சீழும் வந்தால் பாக்டீரியா தொற்று. காய்ச்சலோடு, வலிக்கிற, ஒரே அளவிலான குட்டிக் கொப்புளங்கள் கொத்தாக வந்து குழியாக உடைந்தால் ஹெர்ப்பிஸ் வைரஸ். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கண் அருகே என்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீர்கள்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்து இரண்டு மாதத்தில் அடங்கவில்லையென்றால் அடுத்த படி கேளுங்கள்: வாரம் இரண்டு மூன்று முறை குறும்பட்டை யு.வி.பி. ஒளி சிகிச்சை, ரத்தப் பரிசோதனைகளோடு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் அல்லது மெத்தோட்ரெக்ஸேட், வசதி இருந்தால் டுபிலுமாப் ஊசி. ஸ்டீராய்டு ஊசியை மட்டும் வாடிக்கையாக்காதீர்கள். ஓரிரு நாளில் அடங்கி, மருந்து இறங்கியதும் முன்னைவிட மோசமாகக் கிளம்பும். தோலில் எந்தத் தடிப்பும் இல்லாமல் ஆறு வாரத்துக்கு மேல் உடம்பெங்கும் அரித்தால், அது எக்ஸிமா கணக்கில் வராது: தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை, இரும்புச்சத்து பார்க்கச் சொல்லுங்கள்.

போகும்போது இதுவரை பூசிய எல்லா ட்யூப்களையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். "வெள்ளை க்ரீம், நீல அட்டை" என்ற விவரத்தை வைத்து யாராலும் மருந்து எழுத முடியாது.