அப்டேட் ஏன் நம் மெத்தடை அழைப்பதில்லை? – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

கோத்தகிரி அருகே உள்ள எங்கள் ஊர்ப் பச்சைத் தேயிலைக் கொள்முதல் நிலையத்துக்காகப் பைத்தான் நிரல்மொழியில் ஒரு கணக்கு நிரல் எழுதி வருகிறேன். ஒவ்வொரு விவசாயியின் எண்ணுக்கு எதிரிலும் அன்றைய இலை எடை பதிவாக வேண்டும். எடை பூஜ்யமாகவோ மைனஸாகவோ இருந்தால் நிரல் அதை மறுக்க வேண்டும். அதற்காக, எண்ணுக்கு எதிரே மதிப்பை வைக்கும் டிக்ட் வகையிலிருந்து ஒரு சப்கிளாஸ் (அதன் இயல்புகளைப் பெற்ற புதிய வகை) அமைத்து, ஒரு மதிப்பைப் பதியும்போது ஓடும் செட்ஐட்டம் (__setitem__) மெத்தடை மட்டும் மாற்றி எழுதினேன். ஒவ்வொன்றாகப் பதியும்போது சோதனை நடக்கிறது. ஆனால் ஒரு நாள் பதிவுகளை அப்டேட் மூலம் மொத்தமாக ஏற்றினால், சாக்கு எடையைக் கழித்து மைனஸ் ஆகிப்போனவைகூட உள்ளே போய்விடுகின்றன. பிழை எங்கே?

– ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதிய மெத்தடில் பிழை இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த அடிப்படைக் கிளாஸ் இந்த வேலைக்கு உரியதல்ல.

டிக்ட், லிஸ்ட் போன்ற உள்ளமைந்த வகைகளிலிருந்து சப்கிளாஸ் அமைக்கும் வசதி 2001-இல் வெளிவந்த பைத்தான் 2.2-இல்தான் கிடைத்தது. வசதி கிடைத்தாலும், வழக்கமான பைத்தானில் டிக்ட் சி மொழியில் எழுதப்பட்டது. அதன் அப்டேட், மதிப்புகளை உள் அட்டவணையில் நேரடியாகச் சேர்க்கிறதே தவிர, உங்கள் செட்ஐட்டத்தை அழைப்பதில்லை. தொடக்கத்திலேயே தரவைக் கொடுத்துப் பொருளை உருவாக்கினாலும், எண் ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும் மதிப்பைச் சேர்க்கும் செட்டீஃபால்ட்டைப் பயன்படுத்தினாலும் இதே கதைதான். நீலகிரிக்கு ஏறும் பாதைகளில் பர்லியாறு சாவடியில் மட்டும் காவல் போட்டுவிட்டுக் குஞ்சப்பனைப் பாதையைத் திறந்து வைத்ததைப் போன்றது இது. மாடியூலின் பெயர்களையும் பொருள்களின் பண்புகளையும் பைத்தானே டிக்ட்டில்தான் வைத்திருக்கிறது என்பதால், அதன் வேகத்தில் கைவைக்க யாரும் விரும்பமாட்டார்கள்.

விடுபட்ட மெத்தட்களை எல்லாம் நீங்களே ஒவ்வொன்றாக மாற்றி எழுதலாம்தான். ஆனால் 2020-இல் வந்த 3.9 பதிப்பு, நிமிர்கோடும் சமக்குறியும் சேர்ந்த குறி வழியாகவும் டிக்ட்டில் தரவு சேர்க்கலாம் என்று ஆக்கியது. அதற்கு முன்பே எழுதி முடித்தவரின் காவலில் அன்றே புதிய ஓட்டை விழுந்தது. பிறருடைய பணம் சம்பந்தப்பட்ட கணக்கில் இப்படிப்பட்ட காவலை நம்பக் கூடாது.

ஆகவே கலெக்ஷன்ஸ் மாடியூலில் உள்ள யூசர்டிக்ட்டை அடிப்படையாகக் கொள்ளுங்கள். சப்கிளாஸ் அமைப்பதற்கென்றே வைக்கப்பட்டிருக்கும் அது, டேட்டா என்ற பெயரில் ஒரு சாதாரண டிக்ட்டை உள்ளே வைத்துக்கொண்டு, அப்டேட்டையும் செட்டீஃபால்ட்டையும் தொடக்கத் தரவையும் உங்கள் செட்ஐட்டம் வழியாகவே அனுப்புகிறது. நீங்கள் எழுதிய சோதனையை அப்படியே அங்கு மாற்றினால் போதும். மைனஸ் எடை வந்த கணமே வேல்யூஎரர் (மதிப்பு தவறு என்னும் பிழை) எழும். ஆனால் மேலே சொன்ன நிமிர்கோட்டுக் குறி மட்டும் இங்கும் உள் டிக்ட்டில் நேரடியாக எழுதிவிடுகிறது. அதற்குரிய ஐஆர் (__ior__) மெத்தடை மாற்றி, அதனுள் அப்டேட்டை அழைத்துப் பொருளையே திருப்பித் தருமாறு இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

இன்னொன்றிலும் கவனம் வேண்டும். ஒருவர் ஒரே நாளில் கொடுக்கக்கூடிய இலைக்கு உச்ச வரம்பு வைத்து, அதைப் பொருளின் பண்பாகச் சேமிப்பீர்களானால், சூப்பர் மூலம் மூலக் கிளாஸின் இனிட்டை (பொருள் உருவாகும்போது ஓடும் மெத்தட்) அழைப்பதற்கு முன்பே அந்தப் பண்பை அமைத்துவிட வேண்டும். மூல இனிட் தொடக்கத் தரவை ஏற்றும்போதே உங்கள் செட்ஐட்டம் ஓடும். அப்போது வரம்பு இல்லையென்றால் ஆட்ரிபியூட்எரர் வரும். சூப்பரை அழைக்காமலே விட்டாலோ டேட்டாவே உருவாகாது.

யூசர்டிக்ட் பொருள் டிக்ட் வகையைச் சேர்ந்ததல்ல. இன்ஸ்டன்ஸ் சோதனையில் அது டிக்ட்டாகத் தேறாது. ஜேசனாக (தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஓர் உரை வடிவம்) எழுத முயன்றால் டைப்எரர் வரும். மாலையில் கணக்கை ஜேசன் கோப்பாகத் தொழிற்சாலைக்கு அனுப்புவதாக இருந்தால், பொருளைக் கொடுக்காமல் அதன் டேட்டாவைக் கொடுங்கள்.

அன்புடன்.