'லேரி' கேம்களில் எதை வாங்குவது?

கேள்வி: மவுஸால் கிளிக் செய்து, புதிர்களை விடுவித்துக்கொண்டே கதையில் முன்னேறும் கேம்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெரியவர்களுக்கான நகைச்சுவை என்று நண்பர் ஒருவர் 'லெஷர் சூட் லேரி'யைச் சொன்னார். தேடிப் பார்த்தால் அந்தப் பெயரில் ஏகப்பட்டது இருக்கிறது, சிலது பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: விலையைப் பார்ப்பதற்கு முன் வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். 2004-ல் வந்த 'மேக்னா கம் லாடே', 2009-ல் வந்த 'பாக்ஸ் ஆபீஸ் பஸ்ட்' இரண்டும் நீங்கள் கேட்கும் வகையே இல்லை. அவற்றில் நாயகன் லேரியின் உறவுக்காரப் பையன். முன்னது பெரும்பாலும் சின்னச் சின்ன விளையாட்டுகளின் தொகுப்பு, பின்னது ஓடித் தாவும் கேம். தொடரை உருவாக்கிய அல் லோவுக்கு இரண்டிலும் பங்கில்லை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பழையவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவின் சியரா நிறுவனம் 1987-ல் வெளியிட்ட முதல் கேமிலும், அடுத்து வந்த இரண்டாம், மூன்றாம் பாகங்களிலும் 'கதவைத் திற' என்பது மாதிரி கட்டளைகளை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால்தான் கதை நகரும். முதல் கேமை 1991-ல் புதிய படங்களோடு மவுஸுக்கு மாற்றினார்கள். அதே ஆண்டில் வந்த ஐந்தாம் பாகத்திலிருந்து எல்லாமே மவுஸ்தான். (நான்காம் பாகம் வரவே இல்லை. தேடி அலையாதீர்கள்.) கடைப்பக்கத்தில் உள்ள படங்களில் கட்டளை எழுதும் வரி தெரிந்தால் அது பழைய வடிவம் என்று புரிந்துகொள்ளலாம்.

என் தேர்வைக் கேட்டால், 1996-ல் வந்த ஏழாம் பாகம். கார்ட்டூன் படம் போன்ற ஓவியங்கள், முழுக்கக் குரல் நடிப்பு, புதிர்களுக்குள்ளேயே பின்னிய சிரிப்பு என்று அல் லோவின் கை நன்றாகப் பழகிய பிறகு வந்த கேம் அது. பழைய தோற்றமே வேண்டாம் என்றால் 2018-ல் ஜெர்மனியின் கிரேஸிபன்ச் உருவாக்கிய 'வெட் ட்ரீம்ஸ் டோன்ட் ட்ரை' வாங்குங்கள். எண்பதுகளின் லேரி அப்படியே இன்றைய காலத்துக்கு வந்து, கைப்பேசி டேட்டிங் செயலியோடு மல்லுக்கட்டுகிறான். ஏழாம் பாகத்தில் லேரிக்குக் குரல் கொடுத்த ஜான் ராப்சனே இதிலும் பேசியிருக்கிறார். 2020-ல் வந்தது இதன் தொடர்ச்சி, அதை முதலில் ஆடினால் கதை பிடிபடாது.

ஒன்றை மட்டும் யோசித்து வாங்குங்கள். வெள்ளை பாலியஸ்டர் சூட் மாட்டிக்கொண்டு, தன்னைப் பெரிய மன்மதன் என்று நம்பித் திரியும் நடுத்தர வயது ஆள் லேரி. பெரும்பாலும் பெண்கள்தான் அவனை ஏமாற்றி அனுப்புவார்கள், சிரிப்பு அவன் மீதுதான். ஆனாலும் பெண்களை வரைந்திருக்கும் விதம் பல இடங்களில் நெருடும். போதாததற்கு ஜோக்குகளில் பாதி இரட்டை அர்த்த ஆங்கிலம். அது உங்களுக்குப் பிடிக்கும் என்றால்தான் பணம் போடுங்கள்.

கேள்வி: வீட்டில் ஒரே கம்ப்யூட்டர்தான். பன்னிரண்டு வயது மகனும் அதில்தான் ஆடுகிறான். முதல் கேமில் வயதைச் சோதிக்கும் கேள்விகள் வருமாமே, அது போதாதா?

பதில்: போதாது. அந்தக் கேள்விகள் அன்றைய அமெரிக்கப் பொது அறிவு. இன்று உங்களுக்கும் எனக்குமே பாதி தெரியாது. ஆல்ட், எக்ஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சோதனையையே தாண்டிவிடலாம், இது இணையம் முழுக்கக் கிடைக்கும் தகவல். ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வாங்கினால் மகனுக்குத் தனிக் கணக்கு தொடங்கி, ஸ்டீம் குடும்ப வசதியில் அவனைக் குழந்தையாகச் சேருங்கள். அவன் எந்தெந்த கேம்களை ஆடலாம் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். ஜிஓஜி என்ற இன்னொரு இணைய கேம் கடையில் வாங்குவதாக இருந்தால் விண்டோஸில் அவனுக்குத் தனி யூசர் கணக்கு வையுங்கள், உங்கள் கணக்குக்குக் கடவுச்சொல் கட்டாயம், கேமையும் உங்கள் கணக்கின் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே நிறுவுங்கள்.

கேள்வி: பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். இந்த வகை கேமுக்கு அந்த 2 மணி நேரம் மிகக் குறைவு. ஒரு புதிரில் மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனாலும் கேம் திறந்திருக்கிற வரை நேரம் ஓடும், அதனால் யோசிப்பதற்கு முன் சேவ் செய்து மூடிவிடுங்கள். ஜிஓஜியில் 30 நாள் அவகாசம், ஆடிய பிறகும் கேட்கலாம். பழைய பாகம் என்றால் நான் அங்கேதான் வாங்கச் சொல்வேன்.

இரண்டாம், ஐந்தாம் பாகங்களில் கையேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விடைகள் உண்டு. அன்றைய திருட்டு நகல் தடுப்பு அது. வாங்கிய கையோடு கையேட்டையும் தரவிறக்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் பாகத்தில் ஒரு பொருளை எடுக்காமல் கடந்துவிட்டால் பிறகு எவ்வளவு முயன்றாலும் முடிக்கவே முடியாது. பழைய சேவ்களை அழிக்காமல் தனித்தனிப் பெயரில் வைத்துக்கொண்டே போங்கள்.